ஏலமலைச் சரிவில் உடைமையும் உரிமையும்

ஒருவர் மரணித்தால், அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து முதலில் கஃபன், அடக்கம் ஆகியவற்றுக்கான செலவு; அடுத்துக் கடன்; அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத்; எஞ்சியதில் வாரிசுகளின் பங்கு. ஃபராயிள் கலையின் முதற்பாடம் இதுவே. வரிசை எளிது, மாணவர்கள் ஒரே நாளில் மனனம் செய்துவிடுவார்கள். ஆனால் இந்த வரிசைக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இறந்தவருடைய பொருள் எது?

வயலும் வீடும் உள்ள ஊர்களில் இக்கேள்விக்குப் பட்டாவும் பத்திரமும் விடை சொல்லிவிடும். போடிநாயக்கனூருக்கு மேற்கே உயர்ந்து விரியும் ஏலமலையில் விடை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அங்கே பெரும்பகுதியில் நிலம் அரசின் வருவாய்த்துறையைச் சார்ந்தது. அதில் நிற்கும் மரம் வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. மரநிழலில் வளரும் ஏலச்செடி குத்தகைதாரருடையது. காய் பறிக்கும் கையோ இவற்றில் எதற்கும் உரிமை கோர முடியாத தொழிலாளியுடையது. ஒரே சரிவில் உடைமை இப்படி அடுக்கடுக்காகக் கிடக்கும்போது, தந்தை இறந்த வீட்டில் பிள்ளைகள் எதைப் பங்கிடுவது? மகளுக்கு எதில் பங்கு? இந்தக் கேள்விகளின் வரலாற்றுப் பின்னணியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளத்தாக்கும் மலையும்

மதுரை நாயக்கர் ஆட்சியின் எழுபத்திரண்டு பாளையங்களுள் ஒன்றாக எண்ணப்படும் போடிநாயக்கனூர், ஆங்கிலேயர் காலத்தில் ஜமீனாக நீடித்தது. 1948ஆம் ஆண்டின் சென்னை ஜமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஜமீன்களின் காடும் புறம்போக்கும் அரசின் வசமாயின. உழுத குடிகளுக்கு ரயத்துவாரி பட்டா கிடைத்தது. அதாவது மலையின் கிழக்குச் சரிவில் நிலவுரிமையின் முகம் அப்போது மாறியது. மலைமுகட்டுக்கு அப்பால் இருந்ததோ திருவிதாங்கூர் அரசு. அங்கே வேறு சட்டம், வேறு வரலாறு.

இவ்விரு பக்கங்களையும் இணைத்தவை வணிகமும் வழித்தடங்களும். கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷன் எனும் முகட்டிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிக்கு வந்த காலம் உண்டு. 1928இல் மதுரையிலிருந்து போடிவரை இருப்புப்பாதை அமைந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற ரயில் 2023 ஜூன் மாதம் மீண்டும் போடியை அடைந்தது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைவாயில்கள் வழியே அன்றாடம் ஆட்கள் ஏறுவதும் விளைச்சல் இறங்குவதும் தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம்.

போடியின் பெயரை உலகறியச் செய்தது ஏலக்காய். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் இங்கு நடைபெறும் ஏலக்காய் விற்பனை 2007இல் மின்னணு முறைக்கு மாறியது. இங்கே ஒரு சொல் நயத்தைக் குறிப்பிடலாம். காயைக் குறிக்கும் ‘ஏலம்’ என்ற சொல்லின் உறவே பாரசீகத்தின் ‘ஹேல்’, அரபியின் ‘ஹைல்’ என்பர் சொல்லாய்வாளர். வளைகுடா நாட்டார் கஹ்வாவில் இடித்துப் போடும் ஹைல் இதுதான். விற்பனையைக் குறிக்கும் மற்றோர் ‘ஏலம்’, போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’ என்ற சொல்லிலிருந்து நமக்கு வந்தது. அச்சொல்லுக்கோ ‘அறிவித்தல்’ எனப் பொருள்படும் அரபுச் சொல்லான ‘அல்-இஃலாம்’ மூலம் என்று கருதப்படுகிறது. அரபு நாட்டுக்கு நம் சொல்லொன்று சென்றதும், அரபுச் சொல்லொன்று கடல்வழியே நம்மிடம் வந்ததும் போடியின் விற்பனைக் கூடத்தில் ஒன்றுசேர்கின்றன.

கம்பம் பள்ளத்தாக்கின் ராவுத்தர் சமுதாயம் இவ்வாழ்வின் ஓர் அங்கம். வேளாண்மையிலும் வணிகத்திலும் ஈடுபட்ட இச்சமுதாயம் கல்விக்கும் பணியாற்றியுள்ளது. 1956இல் உத்தமபாளையத்தில் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி அதற்குச் சான்று. கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்ற, உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகின்றனர். இந்த வேறுபாடு தொழுகை முறையோடு நின்றுவிடுவதில்லை. குத்தகை உரிமை வாரிசுக்குச் செல்லுமா என்ற கேள்வியிலும் அது இடம்பெறுகிறது என்பதைப் பின்னர் காண்போம்.

அரசரின் சரக்கிலிருந்து குத்தகைப்பாட்டம்வரை

திருவிதாங்கூரில் ஏலக்காய் நெடுங்காலம் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. பயிரிட்டவர் விளைச்சல் முழுவதையும் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். அதன் மதிப்பில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். அக்காலத்தில் மலையில் தனியாருக்குரிய நிலம் எது என்ற பேச்சுக்கே அதிக இடமிருக்கவில்லை. செடியின் காயே அரசருடையதாகக் கருதப்பட்டது. 1896இல் இத்தனியுரிமை கைவிடப்பட்டு, நிலத்தின் பரப்புக்கு வரி விதிக்கும் முறை வந்தது. காய்மேல் இருந்த அரசின் பிடி நிலத்தின்மேல் மாறியது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

மறு ஆண்டு, அதாவது 1897 ஆகஸ்டு 24இல், ஏலமலைக் காப்புப் பகுதி பற்றிய அறிவிக்கை வெளியானது. இவ்வறிவிக்கையின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற வழக்கு நூறாண்டுகள் கடந்தும் தொடர்ந்தது. எண்ணின் முன்னால் ‘2’ என்ற ஓர் இலக்கம் இருந்ததா இல்லையா என்பதில் இரண்டு இலட்சம் ஏக்கரும் அதில் வாழும் மக்களின் எதிர்காலமும் அடங்கிவிட்டன. கேரள அரசு சிறிய எண்ணை முன்வைத்தது. சூழலியல் அமைப்பினர் பெரிய எண்ணை முன்வைத்தனர். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அப்பகுதியில் புதிய பட்டாக்கள் வழங்கக் கூடாதென இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆவணத்தில் ஓர் இலக்கம் பிசகினால் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அது வழக்காக நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1935ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் ஏலப்பயிர் விதிகளும், பின்னர் 1961இல் கேரள அரசு வகுத்த குத்தகை விதிகளும் இம்மலையில் பயிர் செய்வோரின் உரிமையை வரையறுத்தன. மலையாள வழக்கில் ‘குத்தகப்பாட்டம்’ எனப்படும் இம்முறையில், செடி வளர்த்துக் காய் எடுக்கும் உரிமை மட்டுமே குத்தகைதாரருக்கு உண்டு. நிழல்தரும் மரங்களை அவர் வெட்டலாகாது. ஏலச்செடி நிழலின்றி வளராதது. ஆகவே மரத்தைக் காப்பதும் பயிரைக் காப்பதும் ஒன்றாயிருக்கும் என்பது இவ்விதியின் அடிப்படை.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் போராட்டங்களுக்கு மத்தியிலும் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தில் இணைந்தன. போடியிலும் கம்பத்திலும் வீடுள்ள பலருக்குத் தோட்டம் மட்டும் அடுத்த மாநிலத்தில் அமைந்தது. வீட்டுக்கு ஒரு சட்டமன்றம், தோட்டத்துக்கு மற்றொரு சட்டமன்றம் என்ற நிலை, வாரிசுரிமையிலும் தன் விளைவைக் காட்டியது.

ரகபாவும் பயனுரிமையும்

ஒரு பொருளின் மூல உடைமையை ஃபிக்ஹ் அறிஞர்கள் ‘ரகபா’ என்றும், அதை அனுபவிக்கும் உரிமையை ‘மன்ஃபஆ’ என்றும் பிரித்துரைத்தனர். வரலாற்றில் இப்பிரிவு பெரிய அளவில் செயற்பட்டதற்கு உஸ்மானியப் பேரரசின் ‘மீரீ’ நிலங்கள் எடுத்துக்காட்டு. 1858ஆம் ஆண்டின் உஸ்மானிய நிலச்சட்டம் நிலங்களை ஐந்து வகைகளாகப் பிரித்தது: தனியார் உடைமையான முல்க், அரசுடைமையான மீரீ, வக்ஃப், பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட நிலம், தரிசான மவாத். மீரீ நிலத்தின் ரகபா கருவூலத்துக்குரியது. உழுபவருக்கு அனுபவ உரிமை உண்டு. அந்த அனுபவ உரிமை பிள்ளைகளுக்குச் செல்லும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே சென்றது. அது முல்க் அன்று. ஆகவே ஃபராயிளின் பங்கு விகிதம் அதற்குப் பொருந்தாது, அரசு வகுத்த விதியே பொருந்தும் என்பது அக்கால அறிஞர்களின் விளக்கம். அனுமதியுடன் அந்நிலத்தில் நட்ட மரமோ நட்டவரின் முல்க் எனக் கருதப்பட்டது.

ஏலமலையின் நிலையும் இதனை ஒத்ததே. ஆனால் மரத்தைப் பொறுத்தவரை நேர்மாறானது. இங்கு மரமும் அரசுக்கே உரியது. செடி மட்டுமே பயிரிட்டவருடையது.

இனி மத்ஹபுகளின் கருத்தைக் காண்போம். குத்தகைக்கு எடுத்தவர் இறந்தால் ‘இஜாரா’ ஒப்பந்தம் முடிந்துவிடும் என்பது ஹனஃபிகளின் பிரபலமான கருத்து. பயன் என்பது நொடிதோறும் தோன்றி மறைவது. இறந்தவர் விட்டுச்செல்லும் பொருளாக அது கைவசம் இருப்பதில்லை என்பது அவர்களின் வாதம். ஷாஃபிஈ அறிஞர்களோ பயனையும் பொருளாகக் கருதினர். எனவே குத்தகைக் காலம் எஞ்சியிருப்பின் அது வாரிசுகளுக்குச் செல்லும் என்றனர். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஒரு குடும்பத்தில், ‘இது அரசு குத்தகை, வாப்பாவின் சொத்து அன்று, ஆகவே இதில் ஃபராயிள் இல்லை’ என்று ஒருவர் சொல்ல இக்கருத்து வழிகொடுப்பது போலத் தோன்றும்.

தோற்றம் அப்படியிருந்தாலும் உண்மை அதுவன்று. குத்தகை முடிந்தது என்றால் எல்லா வாரிசுகளுக்குமே முடிந்தது. மகளுக்கு மட்டும் முடிந்து, மகனுக்கு மட்டும் தொடர்வதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. மேலும், குத்தகை உரிமைக்குச் சந்தையில் விலை உண்டு. அது கைமாறும்போது பெருந்தொகை பேசப்படுகிறது. இத்தகைய உரிமைகளுக்கு ஈடுபெறுவது குறித்தும், புலனாகாத உரிமைகளும் மதிப்புடைய பொருளே என்பது குறித்தும் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1988இல் ஜித்தாவிலும் குவைத்திலும் கூடித் தீர்மானங்கள் நிறைவேற்றியது. உலகம் விலை கொடுக்கும் ஒன்றை, பங்கு கேட்கும்போது மட்டும் பொருளன்று என மறுப்பது அறிவுக்கும் நீதிக்கும் பொருந்தாது.

சுமத்ராவின் நகரி

இதே கேள்வி கடலுக்கு அப்பாலும் எழுந்தது. சுமத்ரா தீவு தமிழருக்குப் புதியதன்று. அதன் மேற்குக் கரையிலுள்ள பாரூஸில் கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது; தமிழ் வணிகக் குழுவான ஐந்நூற்றுவரைப் பற்றியது அது. அக்கரைக்கு உட்புறம், மலைச்சரிவுகளில் வாழும் மினாங்கபாவ் மக்கள் தம் கிராமத்தை ‘நகரி’ என்றே அழைக்கின்றனர். சொத்துக்கு அவர்கள் வழங்கும் ‘ஹர்த்தா’ என்ற சொல் வடமொழி ‘அர்த்த’த்தின் திரிபு.

மினாங்கபாவ் மக்கள் முஸ்லிம்கள், ஷாஃபிஈ மத்ஹபினர். ஆயினும் அவர்களின் குடிமுறை தாய்வழியானது. தலைமுறைகளாக வரும் வயலும் குடும்ப வீடும் ‘உயர் புசாகா’ எனப்படும் முதுசொத்து; அது தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும்; தாய்மாமன் அதன் காவலர். விற்பதற்குக் குடும்பத்தார் எவருக்கும் தனியுரிமை கிடையாது. ஒருவர் தம் உழைப்பால் ஈட்டியது வேறு வகை. அது ‘தேடிய சொத்து’. மக்காவின் புனிதப் பள்ளியில் ஷாஃபிஈ இமாமாகப் பணியாற்றிய ஷைகு அஹ்மது கதீப் மினாங்கபாவீ (1860–1916), தம் சொந்த மண்ணின் இவ்வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்து நூல் எழுதினார். அவருடைய மாணவரும், அறிஞர் ஹம்காவின் தந்தையுமான ஹாஜி ரசூலோ முதுசொத்தை வக்ஃபுக்கு ஒப்பாகக் கருதினார்: அது தனியொருவர் உடைமையன்று, ஆகவே அதில் ஃபராயிள் எழாது, தேடிய சொத்தில் ஃபராயிள் கட்டாயம் என்றார். 1952இல் புக்கித்திங்கியில் கூடிய மாநாடு இவ்வாறே பிரித்து முடிவுகண்டது.

டச்சு ஆட்சியினர் 1870இல், தனியார் உடைமை என மெய்ப்பிக்கப்படாத நிலமெல்லாம் அரசுடைமை என்று முதலில் ஜாவாவுக்கும் பின்னர் பிற தீவுகளுக்கும் அறிவித்தனர். திருவிதாங்கூர் அரசு ஏலமலையில் கொண்ட நிலைப்பாட்டின் மறுபதிப்புப் போன்றது இது. கையில் தாள் இல்லாத கிராமத்தான் தன் மண்ணிலேயே குத்தகைக்காரன் ஆனான். மரபுவழிச் சமூகங்களின் காடு அரசுக்காடு அன்று என்று இந்தோனேசிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல்தான்.

மினாங்கபாவையும் போடியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. அங்கே முதுசொத்து மகள்களிடம் இருந்தது; மகன்களின் பங்கு கேள்விக்குரியதாயிற்று. இங்கே தோட்டம் மகன்களிடம் இருக்கிறது. மகள்களின் பங்கு கேள்விக்குரியதாகிறது. வழக்கம் ஒரு நாட்டில் ஒரு பக்கமும் மற்றொரு நாட்டில் மறு பக்கமும் சாய்ந்துள்ளது. ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. அங்குள்ள அறிஞர்கள் எது பொதுச்சொத்து, எது தனிச்சொத்து என்று வெளிப்படையாக வாதிட்டு, ஏடெழுதி, மாநாடு கூடி வகைப்படுத்தினர். நம் ஊர்களில் அவ்வகைப்படுத்தல் நிகழாமலேயே மகளின் பங்கு பேச்சுவழக்கில் மறைந்துவிடுகிறது.

சட்டம் கடந்துவந்த வழி

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், பெற்றோரும் உறவினரும் விட்டுச்சென்றதில் ஆண்களுக்குப் போலவே பெண்களுக்கும் பங்குண்டு என்றும், அப்பொருள் குறைவாயினும் மிகுதியாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்றும் அறிவிக்கிறது. இதனினும் தெளிவான கட்டளை இருக்க முடியாது. எனினும் இந்திய முஸ்லிம்களின் வாழ்வில் வழக்காறு பல இடங்களில் இக்கட்டளையை மிஞ்சி நின்றது. அதைக் களைவதற்காக வந்த 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் ஒரு பெரிய விலக்கைத் தன்னுள் கொண்டிருந்தது: விளைநிலம் அதன் வரம்புக்குள் வரவில்லை. விளைநில வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்துக்குட்பட்டதாக 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் வகுத்திருந்ததே காரணம். நாடோ விவசாய நாடு. சொத்தில் பெரும்பகுதி விளைநிலம். ஆகவே மகளுக்குச் சட்டம் வந்தும் நிலம் வரவில்லை.

சென்னை மாகாணம் 1949இல் 18ஆம் எண் சட்டத்தின்வழி இவ்விலக்கை நீக்கியது. போடியின் வயல்களும் கிழக்குச் சரிவின் தோட்டங்களும் அன்றுமுதல் ஷரீஅத் சட்டத்தின்கீழ் வந்தன. திருவிதாங்கூரில் மலையாள ஆண்டு 1108இல் (கி.பி. 1932–33) முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது. கேரளம் முழுமைக்கும், விளைநிலம் உள்ளிட்டு, ஷரீஅத் சட்டம் விரிவானது 1963இல். ஆக, இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகள் வீட்டை ஒரு சட்டமும் மலைத்தோட்டத்தை வேறொரு சட்டமும் ஆண்டன. சட்டநூலின் அந்த இடைவெளி எப்போதோ அடைபட்டுவிட்டது. குடும்பங்களின் பழக்கத்தில் ஏற்பட்ட இடைவெளி அவ்வளவு விரைவில் அடைபடவில்லை.

விடுதலைப் பத்திரமும் தகாருஜும்

மகளுக்குத் திருமணத்தின்போது நகையும் சீரும் கொடுத்தாயிற்று. அதுவே அவள் பங்கு என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். சிலர் தந்தை உயிரோடிருக்கும்போதே மகளிடம் விடுதலைப் பத்திரமும் எழுதி வாங்குகின்றனர். இது குறித்து ஃபிக்ஹின் தீர்ப்பு தெளிவானது. வாரிசுரிமை மரணத்தின்போதே பிறக்கிறது. பிறவாத உரிமையைக் கைவிடுதல் செல்லாது. நாட்டின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமும், வருங்கால வாரிசுக்கு உள்ள வெறும் எதிர்பார்ப்பை மாற்றித்தர முடியாது என்றே கூறுகிறது.

ஆயினும் நீதிமன்றங்கள் இங்கு ஒரு நுட்பத்தைச் சேர்த்துள்ளன. 2011 ஆகஸ்டில் கேரளத்து ராவுத்தர் குடும்பமொன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தந்தையின் வாழ்நாளிலேயே ஈடு பெற்றுக்கொண்டு உரிமை விட்டெழுதியவர், அதை நம்பித் தந்தை வேறு ஏற்பாடு செய்யாமல் இறந்துவிட்டபின் பங்கு கேட்க முடியாதபடி தம் நடத்தையாலேயே தடுக்கப்படலாம் என்றது. 1973இலும் அந்நீதிமன்றம் இவ்வாறு கூறியிருந்தது. ஆகவே ‘அப்பத்திரம் மார்க்கத்தில் செல்லாது’ என்ற நம்பிக்கையில் மட்டும் கையெழுத்திடும் பெண், நீதிமன்றத்தில் தன் பங்கை இழக்கக்கூடும். நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

வாரிசு ஒருவர் உரிய ஈட்டைப் பெற்றுக்கொண்டு விலகுவதற்கு மார்க்கத்தில் வழியே இல்லையா? உண்டு. அதற்குத் ‘தகாருஜ்’ என்று பெயர். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் மனைவி துமாளிர், கணவரின் மறைவுக்குப்பின் தம் பங்குக்கு ஈடாகப் பெருந்தொகை பெற்று விலகிய செய்தி இதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. மரணத்திற்குப் பின், வாரிசுகளின் மனமொப்பி, ஈடு பேசி நடைபெறுவது தகாருஜ். பிறரிடமிருந்து வரவேண்டிய கடனும் சொத்தில் அடங்கியிருந்து, அதையும் மற்ற வாரிசுகளுக்கே விட்டு விலகுவதாகப் பேசினால் அவ்வுடன்பாடு செல்லாது என்று ஹிதாயா போன்ற ஹனஃபி நூல்கள் நிபந்தனை வகுத்துள்ளன. ஏலக்காய் விற்றுப் பணம் வரவேண்டிய நிலையில் ஒருவர் இறந்தால் இந்நிபந்தனை நேரடியாகப் பொருந்தும்.

விலையின் ஏற்ற இறக்கத்தையும் இங்கு எண்ண வேண்டும். வெள்ளத்தாலும் வறட்சியாலும் விளைச்சல் குறைந்த 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய்வரை விலைபோனது. அதன் பின்னர் விலை வெகுவாக இறங்கியது. உயர்ந்த ஆண்டில் கண்ட மதிப்பும் தாழ்ந்த ஆண்டில் கண்ட மதிப்பும் ஒன்றாகா. தோட்டத்தின் கணக்கு அறியாத சகோதரிக்கு, கணக்கு அறிந்த சகோதரன் தான் விரும்பிய ஆண்டின் மதிப்பைச் சொல்லி ஈடுகொடுத்தால், பத்திரம் நிற்கலாம். மறுமையில் அந்த விடை நிற்குமா என்பதை அவரவர் சிந்திக்க வேண்டும்.

எதைப் பங்கிடுவது?

மலையிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் வகுப்பில், ‘குத்தகைத் தோட்டத்தை எப்படிப் பங்கிடுவது?’ என்று கேட்டதுண்டு. அப்போது கரும்பலகையில் எழுதிய பட்டியலை இங்கே தருவது பயனுடையதாகும்.

ஏலத்தோட்டக்காரர் ஒருவர் விட்டுச்செல்லும் பொருள்கள் இவை: குத்தகை உரிமையும் அதன் சந்தை மதிப்பும்; வேரோடு நிற்கும் செடிகள்; செடியில் உள்ள காய்; காய் உலர்த்தும் ஸ்டோரும் அதன் கருவிகளும்; உலர்த்தி மூட்டையாகக் கட்டிவைத்த சரக்கு; விற்ற சரக்குக்கு வரவேண்டிய பணம்; தொழிலாளர்களுக்குக் கொடுத்த முன்பணம்; வங்கிக் கடனும் பிற கடன்களும். இவற்றுள் குத்தகை உரிமை ஒன்றில்தான் மத்ஹபு வேறுபாடு எழுகிறது. மற்ற அனைத்தும் ஐயமின்றி இறந்தவரின் பொருளும் பொறுப்புமாகும். ‘நிலம் அரசுடையது’ என்ற ஒரு வாக்கியத்தைக் கொண்டு இவை அனைத்தையும் பங்கிலிருந்து விலக்கிவிட முடியாது.

ஒருவர் மனைவியையும் இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் விட்டு இறந்தார் என்று கொள்வோம். கடன் போக எஞ்சியதை நாற்பது பங்காக்கினால், எட்டில் ஒன்றான ஐந்து பங்கு மனைவிக்கு, மகன்களுக்குத் தலைக்குப் பதினான்கு, மகளுக்கு ஏழு. பத்து ஏக்கர் தோட்டத்தின் மதிப்பில் மகளுக்கு ஒன்றே முக்கால் ஏக்கரின் மதிப்பு சேர வேண்டும். தோட்டத்தைத் துண்டாடினால் பராமரிக்க இயலாது என்பது உண்மையே. அதற்கு வழி, தோட்டத்தைத் துண்டாடாமல் கூட்டாக நடத்தி ஆண்டுதோறும் இலாபத்தை இவ்விகிதத்தில் பிரிப்பதும், குத்தகைப் புதுப்பிப்பில் எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்ப்பதும் ஆகும். துண்டாட முடியாது என்பது பங்கே இல்லை என்பதற்குக் காரணமாகாது.

உடைமை இல்லாதோர்

உடைமையின் வரலாற்றை எழுதுவோர் உடைமையற்றோரை மறந்துவிடலாகாது. மலையின் பழங்குடிகளான முதுவரும் மன்னானும் பளியரும் எந்த அறிவிக்கைக்கும் முற்பட்டவர்கள். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றபோது, அங்கு வாழ்ந்த முதுவர்களின் ஒப்புதல் எந்தத் தாளிலும் இடம்பெறவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களைப் போன்றோரின் அனுபவ நிலத்துக்கு உரிமை வழங்க முன்வந்தது. அவ்வுரிமை வாரிசுக்குச் செல்லும், ஆனால் விற்க முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. விற்க முடியாத, அரசின் ரகபாவுக்குட்பட்ட ஓர் அனுபவ உரிமையில் பெண்ணின் பெயரையும் எழுத முடியும் என்பதற்குச் சான்று நம் கண்முன்னேயே உள்ளது.

அடுத்தவர் தொழிலாளர். தோட்டத்திலேயே ‘லயம்’ எனும் வரிசை வீட்டில் வாழ்ந்தோர் உண்டு. அதிகாலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று மாலையில் திரும்புவோர் பலர். இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெருந்தோட்டங்களில் தொழிலாளர்க்கு வீடமைப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அவ்வீடு வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நாற்பதாண்டு வாழ்ந்த வீட்டில் பிள்ளைக்கு விட்டுச்செல்ல ஒரு சுவர்கூட இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போது, இடுக்கி மாவட்டத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேனி மாவட்டத்துக்கு இறங்கிவந்தன. உடைமைக்கு ஆவணம் இல்லாதவர்க்கு உயிரின் பாதுகாப்பும் எளிதில் அசைந்துவிடும் என்பதை அந்நாட்கள் காட்டின. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின் பேருரையில் உயிரையும் உடைமையையும் சேர்த்தே புனிதமென அறிவித்ததன் ஆழம் இதில் புலனாகும்.

செய்யத்தக்கவை

அரசு நிலத்தின் சட்டச் சிக்கல் நம் கையில் இல்லை; நீதிமன்றங்களும் அரசுகளும் தீர்க்க வேண்டியது அது. நம் கையில் உள்ளவை சிறியவை. ஆனால் உடனே செய்யக்கூடியவை. தோட்டம் உள்ள ஒவ்வொருவரும் தம் குத்தகைத் தாள், செடி, ஸ்டோர், சரக்கு, வரவு, கடன் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, மனைவியும் மகள்களும் அறியச் செய்ய வேண்டும். மரணம் நிகழ்ந்த வீட்டில் ஜமாஅத்தார், பாகம் பேசுவதற்குமுன் இக்கணக்கைக் கேட்டுப்பெற வேண்டும். தந்தை வாழும்போதே மகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவதை ஆலிம்கள் வெளிப்படையாகத் தடுக்க வேண்டும். தகாருஜ் நடைபெற்றால், சொத்தின் முழுமதிப்பும் விலகுபவரிடம் எழுத்தில் தரப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் உழைத்தோர்க்குத் தரவேண்டிய கூலிப்பாக்கி, வாரிசுகளின் பங்குக்கு முன்னால் தீர்க்கப்பட வேண்டிய கடன் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

நிலம் அரசுடையது, மரம் அரசுடையது என்று சொல்லப் பழகிய நாவுக்கு, செடியிலும் சரக்கிலும் சகோதரிக்கு ஏழு பங்கு உண்டு என்று சொல்வதும் பழக்கமாக வேண்டும். அப்பங்கைக் கொடுப்பதற்கு எந்த நீதிமன்றத்தின் தீர்ப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.